போகும் நேரம் வேறு, வரும் நேரம் வேறு

இரண்டு நகரங்களின் பெயரைக் கொடுத்துத் தேடினால் இரண்டு எண்கள் வந்து நிற்கும். தூரம் இத்தனை கிலோமீட்டர், விமானத்தில் இத்தனை மணி நேரம். முதல் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவேன். இரண்டாவதைப் பார்த்ததும் எனக்குக் கேள்விகள்தான் கிளம்பும். எந்தத் திசையில் போகும்போது? எந்த மாதத்தில்? எந்த வழியாக? சக்கரம் தரையை விட்டதிலிருந்து கணக்கா, கதவைச் சாத்தி நகர ஆரம்பித்ததிலிருந்து கணக்கா? இதற்கெல்லாம் பதில் இல்லாமல் "ஏழு மணி நேரம்" என்று ஒற்றை எண்ணாகச் சொல்வது அரைகுறைத் தகவல். அதை நம்பித்தான் நிறைய பேர் அடுத்த விமானத்துக்கு டிக்கெட் போடுகிறார்கள். வீட்டுப் பெரியவர் எந்த நேரத்துக்கு மாத்திரை போட வேண்டும் என்று அட்டவணை எழுதிக் கொடுக்கிறார்கள். அதனால் இதை கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தூரத்தை முதலில் பார்த்துவிடலாம். அது பூமியின் சங்கதி, நாளுக்கு நாள் மாறாது.

மாட்ரிட்டும் நியூயார்க்கும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டுமே வடக்கே நாற்பதரை டிகிரி சுமார். சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், நேர் மேற்காக அட்லாண்டிக்கைக் கடந்து போகும். அந்தக் கோட்டின் வழியே உண்மையிலேயே பறந்தால் சுமார் 5,940 கிலோமீட்டர். இப்போது ஒரு உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களிலும் விரலை வைத்து நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் அட்சரேகையோடு ஒட்டி நிற்காது. வழுக்கிக்கொண்டு வடக்கே ஏறும். பாதி வழியில் 46 டிகிரியைத் தொட்டுவிட்டுத்தான் மறுபடி கீழே இறங்கும். அந்த நூலின் நீளம் பூமியின் அளவில் 5,770 கிலோமீட்டர். வரைபடத்தில் வளைந்து தெரிகிற வழி 170 கிலோமீட்டர் குறைவு.

அந்த நூல் படிந்த வழிக்குப் பெருவட்டம் என்று பெயர். பூமியை அதன் மையத்தின் வழியாகச் சரிபாதியாக வெட்டினால் மேற்பரப்பில் விழும் வட்டம் அது. தூரம் என்று நாம் தேடிப் பெறும் எண் இந்த வட்டத்தின் ஒரு வில்லின் நீளம்தான். சுவர் வரைபடம் ஏன் வேறு மாதிரி காட்டுகிறது என்றால், மெர்காட்டர் 1569-ல் அதைக் கப்பலோட்டிகளுக்காக வரைந்தார். திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு போகிற பாதை அவருடைய படத்தில் நேர்க்கோடாக வரும். அப்படிப் போகிற பாதையும் மிகக் குறுகிய பாதையும் ஒன்றல்ல என்பதை போர்ச்சுகீசியக் கணித அறிஞர் பெத்ரோ நூனெஸ் 1537-லேயே எழுதிவிட்டார். இன்றும் விமானத்தில் இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் வில்லாக வளைந்த கோட்டைப் பார்த்து "ஏன் இப்படிச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சுற்றவில்லை, தட்டையான படம்தான் அப்படிக் காட்டுகிறது.

இந்தத் தூரத்தை நாமே ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த கணக்குகளில் இது ஒன்று. லண்டன் வடக்கே 51.5 டிகிரி, டோக்கியோ வடக்கே 35.7 டிகிரி. தீர்க்கரேகையில் இரண்டுக்கும் வித்தியாசம் 139.8 டிகிரி. இரண்டு அட்சங்களின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.457 வரும். அப்புறம் இரண்டு அட்சங்களின் கொசைன், தீர்க்க வித்தியாசத்தின் கொசைன் மூன்றையும் பெருக்கினால் மைனஸ் 0.386. இரண்டையும் கூட்டினால் 0.071. எந்தக் கோணத்தின் கொசைன் 0.071 என்று கால்குலேட்டரைக் கேட்டால் 86 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சொல்லும். பெருவட்டத்தில் ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 9,560 கிலோமீட்டர். அவ்வளவுதான், லண்டனிலிருந்து டோக்கியோ வரை அளந்தாகிவிட்டது. பள்ளியில் படித்த சைனும் கொசைனும் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்டலாம்.

விமானிகள் கிலோமீட்டருக்குப் பதிலாகக் கடல் மைலில் பேசுவதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. பூமியின் மேல் ஒரு கலை நீளம்தான் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். கோணம் தெரிந்தால் அறுபதால் பெருக்கிவிட்டு வேலையை முடித்துக்கொள்ளலாம்.

பூமி முழு உருண்டை இல்லை என்பது தெரிந்ததுதான். நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. உருண்டை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அதிகபட்சம் அரை சதவீதம் பிசகும். அதுகூட வேண்டாம் என்பவர்களுக்காக 1975-ல் வின்சென்டி என்பவர் தட்டையான துருவத்தையும் கணக்கில் எடுக்கும் சூத்திரம் ஒன்றைத் தந்தார். மில்லிமீட்டர் வரை சுத்தமாக வரும். ஆக, தூரத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. சிக்கல் எல்லாம் இதற்கு மேல்தான்.

ஏனென்றால் அந்த நூல் வழியே அப்படியே பறக்கிற விமானம் கிட்டத்தட்ட இல்லை.

ஹெல்சிங்கி–டோக்கியோ வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். பெருவட்டத்தில் சுமார் 7,800 கிலோமீட்டர். நூல் பெரும்பாலும் ரஷ்யாவின் மேல்தான் போகும். 1983-ல் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே நிற்காமல் பறக்கத் தொடங்கியபோது சோவியத் வான்வெளி அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. அதனால் நேர் வடக்கே ஏறி, வட துருவத்தைத் தாண்டி, பேரிங் நீரிணை வழியாக இறங்கி ஜப்பானுக்குப் போனார்கள். பதின்மூன்று மணி நேரம் ஆனது. பிறகு வான்வெளி திறந்தது, நேரம் ஒன்பதரை மணியாகக் குறைந்தது. "ஆசியாவுக்கு மிகக் குறுகிய வழி" என்பதை வைத்து அந்த நகரத்தின் விமான நிலையமே வளர்ந்தது. 2022-ல் உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு வான்வெளி மறுபடி மூடியது. விமானங்கள் மறுபடி துருவத்தின் மேல் ஏறின. மறுபடி பதின்மூன்று மணி நேரம். இத்தனை ஆண்டுகளில் இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நடுவில் யார் யாரோடு பேசுகிறார்கள், யார் யாரோடு பேசவில்லை என்பதுதான் மூன்றரை மணி நேரத்தைக் கூட்டியதும் குறைத்ததும்.

பனிப்போர்க் காலத்தில் இதே காரணத்தால் அலாஸ்காவின் ஆங்கரேஜ் உலகத்தின் சத்திரமாக இருந்தது. 1957-ல் ஸ்காண்டிநேவிய விமானங்கள் கோபன்ஹேகனிலிருந்து ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்குப் பறக்கத் தொடங்கின. ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் பயணிகள் நடுராத்திரியில் அந்தப் பனி ஊரில் இறங்கி, எரிபொருள் நிரப்பும்வரை காத்திருந்து, மறுபடி ஏறுவார்கள். வான்வெளி திறந்ததும் அந்தக் கூட்டம் கலைந்துபோனது. சரக்கு விமானங்கள் மட்டும் இன்றும் அங்கே நின்று போகின்றன. அவற்றுக்கு எரிபொருளைக் குறைத்துச் சரக்கைக் கூட்டுவதில்தான் லாபம்.

அரசியல் இல்லாவிட்டாலும் மலை இருக்கிறது. திபெத்தியப் பீடபூமியின் மேல் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் போகாமல் ஒதுங்கிப் போகின்றன. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் மேலிருந்து விழும் முகமூடிகளில் வரும் ஆக்சிஜன் பொதுவாகப் பதினைந்து நிமிடம் அளவுக்கே வரும். அதற்குள் விமானி மூவாயிரம் மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். கீழே தரையே நாலாயிரத்து ஐந்நூறு மீட்டரில் இருந்தால் எங்கே இறங்குவது? அங்கே பறக்க வேண்டுமென்றால் கூடுதல் ஆக்சிஜனும் முன்கூட்டியே வகுத்த தப்பிக்கும் வழிகளும் வேண்டும்.

கடல் இன்னொரு விதம். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றுபோனால் மற்றொன்றை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடைய முடியும் என்பதற்கு விதி உண்டு. 1950-களில் அமெரிக்காவில் அது அறுபது நிமிடம். 1985-ல் ஒரு போயிங் 767, 120 நிமிட அனுமதியோடு பாஸ்டனிலிருந்து பாரிஸுக்குப் பறந்தபோது அந்தக் கட்டு தளர்ந்தது. இன்று ஏர்பஸ் ஏ350-க்கு 370 நிமிடம் வரை அனுமதி இருக்கிறது. சிட்னியிலிருந்து சாண்டியாகோவுக்குப் போகும் பெருவட்டம் தெற்கே 60 டிகிரியையும் தாண்டிப் பனிக்கட்டிக் கடலுக்குள் இறங்குகிறது. கீழே இறங்குவதற்கு ஊர் என்று ஒன்றும் கிடையாது. அங்கே எந்த விமானம் எவ்வளவு தெற்கே போகலாம் என்பதை இந்த நிமிடக் கணக்குதான் முடிவு செய்கிறது.

சரி, இப்போது காற்றுக்கு வருவோம். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

என் அத்தை ஒருமுறை லண்டனிலிருந்து நியூயார்க்குக்குப் போய்வர டிக்கெட் எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, போறதுக்கு எட்டு மணி நேரம், வர்றதுக்கு ஆறே முக்கால்னு போட்டிருக்கு. அதே ஊரு, அதே தூரம்தானே? தப்பா அடிச்சுட்டாங்களா?" என்றார். "தப்பில்லை அத்தை, காத்து" என்றேன். "காத்துக்கு ஒரு மணி நேரமா?" என்றார். அவருடைய வியப்பு நியாயமானது. தரையில் இருக்கும் நமக்குக் காற்று என்றால் முடியைக் கலைப்பது, துணியைக் காயவைப்பது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் அதே காற்று மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஆறு.

விமானம் அந்த ஆற்றில் போகிற படகு. அதன் வேகமானி காட்டுவது காற்றுக்குள் அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை. தரைக்கு மேல் எவ்வளவு வேகம் என்பது காற்றையும் சேர்த்தோ கழித்தோ வருவது. இருக்கைத் திரையில் தரைவேகம், எதிர்க்காற்று, வெளி வெப்பநிலை என்று எண்கள் ஓடிக்கொண்டிருக்கும் பக்கம் ஒன்று இருக்கும். படம் பார்ப்பதை விட எனக்கு அந்தப் பக்கத்தைப் பார்ப்பது பிடிக்கும். மேற்கே போகும்போது 780, 760 என்று இழுத்துக்கொண்டிருக்கும். கிழக்கே திரும்பி வரும்போது அதே ரக விமானம், அதே உயரம், வெளியே அதே மைனஸ் 56 டிகிரி, ஆனால் திரையில் 1,080 என்று எழுதியிருக்கும். எஞ்சின் சத்தத்தில் துளி வித்தியாசம் தெரியாது.

இதையும் கணக்காகப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். லண்டன்–நியூயார்க் சுமார் 5,550 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் 900 என்றும், காற்று மேற்கிலிருந்து கிழக்கே 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். போகும்போது 750 வேகத்தில் 7 மணி 24 நிமிடம். வரும்போது 1,050 வேகத்தில் 5 மணி 17 நிமிடம். மொத்தம் 12 மணி 41 நிமிடம். காற்றே இல்லாத நாளில் போய்வர எவ்வளவு? 12 மணி 20 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது காற்று முழுசாகத் திருப்பித் தருவதில்லை, 21 நிமிடத்தை எடுத்துக்கொள்கிறது. எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். அதனால்தான் சமன் ஆவதில்லை. காற்று பலமானால் இந்த இழப்பும் கூடும். ரெடிங் பல்கலைக்கழகத்தின் பால் வில்லியம்ஸ் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்ஸைடு இரட்டிப்பானால் அட்லாண்டிக்கின் மேல் ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயரக் காற்று வலுக்கும், ஒவ்வொரு போய்வரும் பயணமும் சராசரியாக ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக நீளும், ஆனால் அந்தக் கடலைக் கடக்கும் விமானங்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் ஆண்டுக்குக் கூடுதலாக 2,000 மணி நேரம் வானத்தில் இருக்க வேண்டிவரும் என்று.

ஜெட் ஸ்ட்ரீம் என்பது வெப்பமண்டலத்துச் சூட்டுக் காற்றுக்கும் துருவத்துக் குளிர்க் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து பிறப்பது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்கு நோக்கித் திருப்பிவிடுகிறது. குளிர்காலத்தில் அந்த வெப்ப வித்தியாசம் பெரிது, காற்றும் பலம். கோடையில் இரண்டும் தளர்ந்துவிடும். அது ஓடுவதும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், சரியாக விமானங்கள் பறக்கும் உயரத்தில்.

இதை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஓயிஷி. 1920-களில் ததேனோ என்ற இடத்திலிருந்து பலூன்களை விட்டு, அவை மேலே எவ்வளவு வேகமாக அடித்துச் செல்லப்படுகின்றன என்று குறித்துக்கொண்டே வந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-ல் தன் முடிவுகளை எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட மொழியில் வெளியிட்டார். எஸ்பெராண்டோவை யாரும் பெரிதாகப் படிக்கவில்லை. 1944-ல் ஜப்பானின் மேல் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கித் தடுமாறியபோது அவர்களுக்கு அது புதிய செய்தி.

போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகும் முன்பே இந்தக் காற்று பதினொரு பேரைக் கொண்டுபோனது. 1947 ஆகஸ்ட் 2-ம் தேதி, புவனோஸ் அயர்ஸிலிருந்து சாண்டியாகோவுக்குப் புறப்பட்ட 'ஸ்டார் டஸ்ட்' என்ற பிரிட்டிஷ் விமானம் ஆண்டீஸ் மலைத்தொடரைக் கடக்கும்போது காணாமல் போனது. ஐம்பது ஆண்டுகள் தடயமே இல்லை. 1990-களின் கடைசியில் துப்புங்காத்தோ மலையின் பனிப்பாறை உருகி நகர்ந்து, எஞ்சினையும் உடைந்த பாகங்களையும் கீழே கொண்டுவந்து போட்டது. விசாரித்தவர்கள் வந்த முடிவு இது: மேகத்துக்கு மேலே, தரை தெரியாமல், புறப்பட்ட நேரத்தையும் வேகத்தையும் வைத்து மலையைத் தாண்டிவிட்டோம் என்று விமானிகள் கணித்திருக்கிறார்கள். ஆனால் அந்த உயரத்தில் எதிரே ஜெட் ஸ்ட்ரீம். மலை இன்னும் முன்னால் இருந்தது. இறங்கத் தொடங்கி அதிலேயே மோதிவிட்டார்கள். அந்தச் சேவையில் இருந்தவர்கள் அனுபவம் மிக்க விமானிகள், தூரம் தெரிந்தவர்கள். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்று நாம் எல்லோரும் போடுகிற அதே கணக்கில் காற்று விட்டுப்போனது. இதைப் படித்த நாளிலிருந்து அந்த எளிய வகுத்தல் எனக்கு எளிதாகத் தெரிவதில்லை.

நல்ல பக்கமும் உண்டு. 2020 பிப்ரவரியில் கியாரா புயல் அட்லாண்டிக்கில் வீசியபோது நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 வெறும் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியை விட வேகமா என்று அப்போது பலர் கேட்டார்கள். இல்லை. சுற்றியிருக்கும் காற்றுக்குள் அது எப்போதும்போலத்தான் பறந்தது, அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் தள்ளிவிடலாம். பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுவதால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊரே வந்து சேரும் என்று சிலர் சொல்வார்கள். அப்படி இருந்தால் மேற்கே போவதுதான் சீக்கிரமாக இருக்க வேண்டும். நடப்பது நேர் எதிர். பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது, விமானமும் அதற்குள்தான் இருக்கிறது.

வேகத்தைக் கூட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். பயணிகள் ஜெட் விமானங்கள் 1958 அக்டோபரில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆரம்பித்தன. அன்றைய வேகத்துக்கும் இன்றைய வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பதினோரு கிலோமீட்டர் உயரத்துக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர். அதை நெருங்க நெருங்கக் காற்றின் இழுவிசை ஏறிக்கொண்டே போகும், எரிபொருள் கரையும். அதனால் எல்லோரும் ஒலிவேகத்தில் 78-லிருந்து 85 சதவீதத்துக்குள் நின்றுகொள்கிறார்கள். பயணிகள் விமானங்களில் கான்கார்டுதான் ஒலிவேகத்தைத் தாண்டிப் பல ஆண்டுகள் பறந்தது. 1996 பிப்ரவரி 7-ம் தேதி நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 நொடி. 2003-ல் அது நின்றுபோன பிறகு அந்த வேகத்தில் பயணிகளை ஏற்றிச் செல்ல யாரும் இல்லை.

அப்படியென்றால் நெடுந்தூரப் பயணம் குறைந்தது எதனால்? 1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய குவாண்டாஸ் விமானம் ஊர் ஊராக நின்று போய்ச்சேர நான்கு நாள் ஆனது. 2018 மார்ச்சிலிருந்து அதே நிறுவனம் பெர்த்திலிருந்து லண்டனுக்கு 14,500 கிலோமீட்டரை நிற்காமல் பதினேழு மணி நேரச் சொச்சத்தில் கடக்கிறது. ஜெட் வந்ததும் முதல் பெரிய குறைப்பு வந்தது. அதற்குப் பிறகு கிடைத்தது எல்லாம் நடுவில் இறங்காமல் போவதால் கிடைத்த நேரம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டருக்கு மேல். பதினெட்டு மணி நேரத்தைத் தாண்டும். ஒரே மூச்சில் அதைப் போக முடிவது பெரிய தொட்டியாலும் சிக்கனமான எஞ்சினாலும்தான்.

குறுகிய தூரத்தில் கணக்கு தலைகீழ். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர். அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று நன்றாக இருந்த நாளில் 53 நொடியில் போயிருக்கிறார்கள். அது சின்ன விமானம், சின்னத் திடல். பெரிய ஜெட்டில் 300 கிலோமீட்டர் போனால்கூட அட்டவணையில் ஒரு மணி நேரம் போட்டிருப்பார்கள். ஏறுவதற்கே இருபது நிமிடம் போகும். 35,000 அடியிலிருந்து இறங்க ஊருக்கு 200 கிலோமீட்டர் முன்பே ஆரம்பிக்க வேண்டும். ஏறி முடித்ததும் இறங்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் கைவசம் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுவேன். லண்டன்–நியூயார்க்குக்கு ஏழு மணி நேரம் வரும், சிங்கப்பூர்–நியூயார்க்குக்குப் பதினெட்டரை. இது இரண்டு திசைகளின் நடுமதிப்புதான். நடு அட்சங்களில் நீண்ட தூரம் மேற்கே போவதாக இருந்தால் இதோடு பத்து சதவீதம் சேர்ப்பேன், கிழக்கே என்றால் அதே அளவு குறைப்பேன். வடக்கு தெற்காகப் போகும் பயணத்தில் காற்று பக்கவாட்டில் அடிப்பதால் பெரிய திருத்தம் தேவைப்படாது.

டிக்கெட்டில் அச்சாகும் நேரமோ இது எதுவும் இல்லை. விமானத்தின் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச்சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் அது. பிளாக் டைம் என்பார்கள். ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் கதவு இருக்கும் இடம் வரை உருள்வது எல்லாம் அதில் அடக்கம். பெரிய விமான நிலையங்களில் இதற்கே நாற்பது நிமிடம் ஆகிவிடும். அதற்கு மேல் நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகவும் வைத்துக்கொள்கின்றன. குறித்த நேரம் கடந்து பதினைந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் "சரியான நேரத்தில் வந்தது" என்று கணக்கில் சேரும் என்பதால், இரண்டு மணி நேர வேலைக்கு இரண்டேகால் மணி என்று எழுதிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. "இன்று இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்ற அறிவிப்பு அடிக்கடி கேட்பது அதனால்தான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பறக்கும் நேரத்தையும் தரையில் போகும் நேரத்தையும் தனித்தனியாக அச்சடித்தால் பயணிக்கு எது எதற்கு ஆகிறது என்று புரியும்.

இதோடு கடிகாரமும் சேர்ந்து குழப்பும். டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர் நேரம், சேரும் நேரம் இந்த ஊர் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பயண நேரம் வராது. இதற்குப் பசிபிக்கில் ஒரு சுத்தமான உதாரணம் இருக்கிறது. சமோவாவின் தலைநகர் ஆபியாவிலிருந்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கு விமானத்தில் அரை மணி நேரச் சொச்சம். 2011 வரை இரண்டு ஊர்களிலும் ஒரே தேதி. அந்த ஆண்டு டிசம்பர் 30-ம் தேதியை சமோவா தன் காலண்டரிலிருந்தே எடுத்துவிட்டு, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இருக்கும் பக்கத்துக்குத் தாவியது. இன்று ஆபியாவில் செவ்வாய்க்கிழமை காலையில் ஏறினால் பாகோ பாகோவில் திங்கட்கிழமை காலையில் இறங்கலாம்.

கனெக்டிங் விமானம் பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது திசையைத்தான். குளிர்காலத்தில் மேற்கே போகும் நீண்ட பயணத்துக்குப் பின் ஒன்றரை மணி நேர இடைவெளியில் அடுத்த டிக்கெட் போடாதீர்கள். அட்டவணையில் காற்றின் சராசரியைச் சேர்த்துத்தான் எழுதியிருப்பார்கள், ஆனால் பலமான எதிர்க்காற்று நாளில் அதற்கு மேலும் அரை மணி நேரம் போகும். கிழக்கே வரும்போது அந்தக் கவலை குறைவு. அதே விமான எண் கடந்த இரண்டு வாரமாக உண்மையில் எத்தனை மணிக்கு இறங்கியது என்பதை இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் மிகத் தாமதமான நாளை எடுத்துக்கொண்டு, அந்த நாளில் உங்களுடைய அடுத்த விமானத்தைப் பிடித்திருப்பீர்களா என்று பாருங்கள். பிடித்திருப்பீர்கள் என்றால் டிக்கெட் போடலாம்.